ஜன்னலில் காத்திருந்த ரத்தம்

ஜூன் 4, செவ்வாய்

இங்கே ஜூன்தான் குளிர்காலம். காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் ஒன்பது. ஆய்வகத்துக்குள் நான்கு. ரத்தம் எண்ணும் இயந்திரம் சூடேற இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. எனக்கு மதியம் வரை ஆகிறது.

முதல் குழாயிலேயே மஞ்சள் முக்கோணம். இரண்டாவதிலும். இந்த இயந்திரத்தைக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்காகச் செய்திருக்கிறார்கள். ஒருரோ நகரம் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து எழுநூறு மீட்டர் மேலே. இங்கே எல்லோருடைய ரத்தமும் கெட்டி. நல்ல திடமான ஆளின் ரத்தத்துக்கும் திரையில் எச்சரிக்கை எரியும். விரலால் தட்டி அணைத்துவிட்டு அடுத்த குழாயை வைப்போம்.

பிப்ரவரியில் சேர்ந்தபோது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கண்ணாடியில் ரத்தம் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். "இப்படிப் பாத்துக்கிட்டிருந்தா அடுத்த கார்னிவலுக்குத்தான் ரிசல்ட் குடுப்ப" என்றாள் கூட வேலை செய்யும் ரோஸ்மேரி. இப்போது நானும் தட்டி அணைக்கிறேன். ரத்தத்தில் கிருமி பரவிய செப்சிஸ் நோயாளிகளுக்கு மட்டும் ஸ்லைடு போட்டு, சாயமேற்றி, பெட்டியில் அடுக்குகிறேன். ஐசியு டாக்டர் அரனிபார் கேட்டிருக்கிறார், பின்னால் தேவைப்படலாம் என்று. பார்க்க நேரமில்லை.

அவருடைய ஆராய்ச்சி அட்டவணையில், நோயாளிக்கு ஒன்றாக, இன்று 22 வரிசை ஆயிற்று.

ஜூன் 6, வியாழன்

அரனிபார் ஆய்வகத்துக்கு வந்தார். ஐசியு டாக்டர் யாரும் கீழே இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் திண்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசினார்.

"மூணே மூணு நம்பர், நெலிடா. காசு தின்கிற டெஸ்ட் எதுவும் வேணாம். சாதாரண ரத்த எண்ணிக்கை. அதுல எல்லாம் இருக்கு."

ஒன்று, நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வெள்ளையணுக்களுக்கு இடையே உள்ள விகிதம். இரண்டு, சிவப்பணுக்கள் ஒன்றுக்கொன்று அளவில் எவ்வளவு மாறுபடுகின்றன என்பது. மூன்று, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை. கிருமி ரத்தத்தில் பரவி உடம்பு தன்னையே அடித்துக்கொள்ளும்போது முதல் இரண்டும் ஏறும், மூன்றாவது விழும். வந்த அன்றைக்கே மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யார் இருபத்தெட்டு நாளைத் தாண்டுவார், யார் தாண்டமாட்டார் என்று சொல்லிவிடலாம் என்கிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு. வார்டில் அதற்குள் 'சிக்னல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. மூன்று எண்கள், ஒரு மனிதன். பல்கலைக்கழகத்தில் இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று யாரிடமும் பேசவில்லை. ரொட்டிக்கடையில் விரலைக் காட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

நோயாளிகள் இருக்கும் கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் பெரிய முற்றம். ரத்தம் எடுத்ததும் நர்ஸ் குழாயை உறவினர் கையில் கொடுத்துவிடுவார். அவர்கள்தான் முற்றத்தைக் கடந்து வந்து எங்கள் ஜன்னலில் வரிசை நிற்க வேண்டும். ஆறு மணிக்கு எடுக்கிறார்கள். நாங்கள் எட்டு மணிக்குத் திறக்கிறோம்.

இன்று ஒரு பெண், போர்வைக்குள் கையை விட்டு, ஸ்வெட்டருக்குள், அதற்கும் உள்ளே துழாவி, மார்பிலிருந்து குழாயை எடுத்து நீட்டினாள். வெதுவெதுவென்று இருந்தது. எனக்கு உடம்பு கூசியது. பெனியில், எங்கள் ஆற்றங்கரை ஊரில், குழாயைப் பத்து நிமிடம் சூட்டில் விட்டால் தலைமை டாக்டர் கத்துவார். சூடு ரத்தத்தைக் கெடுக்கும். படித்ததும் அதுதான், பார்த்ததும் அதுதான்.

நோட்டீஸ் எழுதினேன். பெரிய எழுத்தில்: 'ரத்தக் குழாயை உடைக்குள் வைக்காதீர்கள். கையில் நேராகப் பிடித்து வரவும். வந்ததும் ஜன்னல் வெளியில் உள்ள தாங்கியில் வைக்கவும்.' இரும்புத் தாங்கி ஒன்றை நானே திருகி மாட்டினேன்.

ரோஸ்மேரி பசை தடவிக்கொண்டே படித்தாள். "ஏண்டி கம்பா, உங்க ஊர்ல ரத்தம் வேர்க்கும். இங்க அதுக்குக் கம்பளி கேக்கும்." மற்றவர்கள் சிரித்தார்கள். கம்பா என்றால் கீழ்நாட்டுக்காரி. வந்ததிலிருந்து அதுதான் என் பெயர்.

நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

ஜூன் 14, வெள்ளி

நோட்டீஸ் வேலை செய்கிறது. காலையில் தாங்கியில் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. ஒழுங்கு.

இந்த வாரம் சிவப்பு அதிகம். ஐந்து. அரனிபாரிடம் சொன்னேன். "குளிர்காலம். நிமோனியா சீசன்" என்றார்.

ஜூன் 19, புதன்

ஐசியுவில் நான்கு படுக்கைகள். நேற்று ஒன்று காலியானது, இருவர் காத்திருந்தார்கள். ஒருவர் மஞ்சள், ஒருவர் சிவப்பு. அரனிபார் தொலைபேசியில் கேட்டார்: "31 நிச்சயம் சிவப்பா?"

"சிவப்புதான் டாக்டர். பிளேட்லெட் நாப்பத்தாறாயிரம்."

"அப்ப மஞ்சளை மேல ஏத்தறேன். சிவப்புக்குப் படுக்கை குடுத்தும் பிரயோஜனம் இல்ல."

வைத்துவிட்டார். என் குரல் எப்படி இருந்தது என்று யோசிக்கிறேன். பஸ் புறப்படும் நேரம் கேட்டவருக்குப் பதில் சொன்ன மாதிரி.

31: குமெர்சிந்தோ அய்சா, வயது 61, பூப்போ ஊர். குழாயைக் கொண்டுவந்தது அவருடைய மகள், எர்மீனியா. நோட்டீஸை உதடசைத்துப் படித்து, சொன்னபடி கையில் நேராகப் பிடித்து, தாங்கியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். மெழுகுவத்திக்குக் காவல் நிற்பது போல.

"இது போதுமா டாக்டரம்மா? இன்னும் கொஞ்சம் எடுக்கணுமா? எங்கப்பாவுக்கு நிறைய இருக்கு. சுரங்கத்துல இருந்தவரு."

போதும் என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

31 காலமானார். அவசரப் பிரிவின் நடைபாதைக் கட்டிலில்.

அரனிபார் சொன்னார்: "பாத்தியா? உன் நிறம் பொய் சொல்லல."

ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் நாட்குறிப்பு எதற்கு? ஒரு நொடி, பெருமை.

ஜூன் 24, திங்கள்

நேற்று சான் ஹுவான் திருநாள். நகரம் முழுக்க, வீட்டுக்கு வீடு வாசலில் நெருப்பு மூட்டிக் கொண்டாடினார்கள். இன்று காலை புகையில் எதிர்வீட்டுக் கதவுகூடத் தெரியவில்லை. வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் போகவில்லை? திரும்பவும் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஜூலை 1, திங்கள்

சாந்தா குருஸ் மருத்துவ மாநாட்டில் 'சிக்னல்' பற்றிய எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். செப்டம்பரில். மூன்றாவது பெயர் என்னுடையது. அம்மாவுக்கு போன் செய்தேன். "ரத்தத்துல சாவு தெரியுமாடி?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "எனக்குப் பாத்துத் தொலைச்சிடாத" என்றாள்.

ஜூலை 8, திங்கள்

47. செனோபியா கலிசாயா, வயது 34, நிமோனியா, இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. குழாயுடன் கணவன் கசியானோ. ஹுவானுனி சுரங்கத்து ஆள். நான் திறக்கும்போது வரிசையில் முதலில் நின்றிருந்தான். ஆறு மணியிலிருந்து நிற்கிறானாம். குழாய் தாங்கியில்.

பிளேட்லெட் 58 ஆயிரம். சிவப்பணு அளவு வேறுபாடு 19. விகிதம் 12. மஞ்சள் முக்கோணம், தட்டி அணைத்தேன்.

சிவப்பு.

"என்ன நிறம் டாக்டரம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிறம் பற்றி இவர்களுக்கு யார் சொன்னது?

"வார்டுல எல்லாருக்கும் தெரியுமே. பச்சைன்னா வீடு, மஞ்சள்னா மேல் மாடி, சிவப்புன்னா பாதிரியார். சொல்லுங்க. நான் தாங்குவேன்."

முடிவுகளை டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும், அதுதான் விதி என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டாவது குழாய். கசியானோ அதே இடத்தில், அதே நேரத்திலிருந்து. 49 ஆயிரம். இன்னும் சிவப்பு.

ஒரு படுக்கை காலி. குடல்வால் வெடித்த ஒரு பையனுக்குப் போயிற்று, மஞ்சள். செனோபியா நடைபாதையில். ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த மருந்து ஓடுகிறது. நாளை மாலை இன்னொரு படுக்கை காலியாகலாம். அதற்கும் ஒரு போட்டி இருக்கிறது என்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டு அறையில் இங்கத்து மலை ஒட்டகமான யாமாவின் உலர்ந்த இறைச்சியும் அவித்த சோளமும். என் மேசையில் நான் மட்டும். மூன்று நாற்காலிகளில் மற்றவர்களின் கோட்டுகள்.

ஜூலை 10, புதன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

இன்று கசியானோ வரவில்லை. செனோபியாவின் தங்கை பசிலியா வந்தாள். குட்டையானவள், பெரிய தொப்பி, தொண்டை இன்னும் பெரியது. பத்து மணிக்கு வரிசையை இடித்துக்கொண்டு வந்து, போர்வைக்குள் கையை விட்டு, மார்பிலிருந்து குழாயை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"நோட்டீஸ் படிக்கலையா?" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கேக்கமாட்டேன். எங்கக்கா ரத்தம் இது. வெளியில நீட்டிப் புடிச்சிக்கிட்டு வர இது என்ன பூச்செண்டா?"

"உடம்புச் சூட்டுல கெட்டுப்போகும்மா."

"எந்த உடம்புலேர்ந்து வந்துச்சோ அந்தச் சூட்டுலதான வச்சேன். அதுல கெடாதது இதுல கெடுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம். திரும்ப எடுக்கச் சொல்லி அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். அனுப்பியிருந்தால்?

இயந்திரத்தில் வைத்தேன். பிளேட்லெட் 1,41,000. அளவு வேறுபாடு 15. விகிதம் 11.

மஞ்சள்.

முதலில் தோன்றியது: குழாய் மாறிவிட்டது. பெயர் பார்த்தேன், ரத்த வகை பார்த்தேன். அவளேதான். ஒரே நாளில் பிளேட்லெட் மூன்று மடங்கு ஏறாது. யாருக்கும் ஏறாது. அப்படியென்றால் இரண்டில் ஒன்று பொய். எது?

அதே குழாயை வெளியே தாங்கியில் வைத்தேன். முற்றத்தில் காற்று. முக்கால் மணி நேரம். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் குழாயைப் பார்த்தேன். எடுத்து மறுபடி எண்ணினேன்: 63 ஆயிரம். அளவு வேறுபாடு 18.

சிவப்பு.

வெந்நீர்த் தொட்டியில் முப்பத்தேழு டிகிரியில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: 1,32,000. மஞ்சள்.

பிறகுதான் மைக்ராஸ்கோப். திங்கள்கிழமை ஸ்லைடு, பெட்டியில் இருந்தது, யாரும் பார்க்காதது. பூச்சின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. குளிரில் ஆட்டுமந்தை போல. இயந்திரத்துக்குக் கொத்து தெரியாது. தனித்தனியாக இருப்பதை மட்டும்தான் அது எண்ணும். சிவப்பணுக்களும் இரண்டு மூன்றாக ஒட்டி, பெரிய அணுவாக வேஷம் போட்டிருந்தன. அதனால்தான் அளவு வேறுபாடு.

அவள் ரத்தத்துக்குக் குளிர் ஆகாது. அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் காலைக் குளிரில் இரும்பில் நிற்கவைத்தது நான். மஞ்சள் முக்கோணம் இரண்டு நாளும் சொன்னது. தட்டி அணைத்ததும் நான்.

ரோஸ்மேரி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"நோட்டீஸைக் கிழி" என்றேன்.

முற்றத்தை ஓடிக் கடந்தேன். இந்த உயரத்தில் நான் ஓடியதில்லை. மாடிப்படியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது, அப்போதும் நேரம் போய்க்கொண்டிருந்தது. அரனிபார் படுக்கைப் பட்டியலுடன் நின்றிருந்தார்.

"47 சிவப்பு இல்ல டாக்டர்."

"நேத்து சிவப்பு. முந்தாநாள் சிவப்பு."

"ரெண்டும் தப்பு. குழாய் குளிர்ல நின்னுடுச்சு. என் தப்பு."

"ஒரு நம்பர் நல்லா வந்ததும் பழசெல்லாம் தப்புங்கிறியா?"

"மூணு தடவை செஞ்சேன். குளிர்ல வச்சா சிவப்பு. சூடு பண்ணினா மஞ்சள். ஒரே குழாய்."

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். என் மனதில் ஓடியதும் அதுதான். மாநாடு. ஐம்பது வரிசை. அதில் பாதிக் குழாய்கள் அதே தாங்கியில் நின்றவை.

"இது 47-க்கு மட்டும்தானே?" என்றார் கடைசியில். மெதுவாக.

"தெரியல டாக்டர்."

"தெரியலன்னா மத்ததப் பத்தி இப்ப பேச வேணாம்."

"அவளுக்குப் படுக்கை?"

அவர் பேனாவைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். பிறகு பட்டியலில் ஒரு பெயருக்கு மேலே இன்னொரு பெயரை எழுதினார்.

மாலை ஐந்து பத்துக்கு செனோபியாவை மேலே கொண்டுபோனார்கள்.

ஜூலை 12, வெள்ளி

நோட்டீஸ் மாட்டிய பிறகு வந்த சிவப்புகள் பதினொன்று. பதினொன்றின் ஸ்லைடுகளையும் எடுத்தேன். மதிய இடைவேளைகளில் பார்க்கிறேன். ஒரு ஸ்லைடுக்கு அரை மணி நேரம். ஓரங்களில்தான் இருக்கும், நடுவில் தேடினால் அகப்படாது.

இன்று மூன்று. மூன்றிலும் கொத்து இல்லை. மூவரும் உண்மையான சிவப்பு. இப்படி ஒரு விஷயத்துக்கு நிம்மதிப்பட முடியும் என்று நினைத்ததில்லை.

ஜூலை 15, திங்கள்

பதினொன்றில் நான்கு பொய்ச் சிவப்பு.

ஒன்று செனோபியா. இரண்டு பேர் படுக்கை கிடைக்காமலே பிழைத்துக்கொண்டார்கள், வீட்டில் இருக்கிறார்கள், எதுவும் தெரியாது.

நான்காவது 31.

கொத்து கொத்தாக. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எர்மீனியா நேராகப் பிடித்துக்கொண்டு வந்த குழாய். பக்கத்தில் நின்று காவல் காத்த குழாய். அவள் கொஞ்சம் கீழ்ப்படியாதவளாக இருந்திருந்தால்…

படுக்கை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. எந்த எண்ணும் சொல்லாது. இருபது வருடம் சுரங்கத் தூசி தின்ற நுரையீரல். பிழைக்காமலும் போயிருக்கலாம். இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதி அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் அதை எழுத எனக்கு என்ன அவசரம்?

ஜூலை 17, புதன்

இரண்டு பக்க அறிக்கை. இயக்குநரிடம் கொடுத்தேன். வரிசை எண்கள், ஸ்லைடுகள், நோட்டீஸின் நகல், தேதி. 31 பற்றித் தனிப் பத்தி.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குடும்பத்துக்காரங்க ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"நாம சொல்லணும்ல?"

"நீ இங்க வந்து எத்தனை மாசம் ஆச்சு, பாப்பா? ஆஸ்பத்திரிதான் பேசும். நீயா எங்கயும் போய் நிக்காத."

ஆஸ்பத்திரி எப்போது பேசும் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

அரனிபார் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். எனக்கு எழுதிய கடிதம் ஒரு வரி: 'உன் அறிக்கையை இணைத்து அனுப்பினேன்.' கோபமா, நேர்மையா? இரண்டும் ஒரே வரியில் இருக்க முடியும்போல.

'சிக்னல்' நிறுத்தப்பட்டது. வார்டில் நிறங்களை இன்னும் சொல்கிறார்கள்.

ஆய்வகத்தைச் சோதிக்க மேலிடத்து ஆட்கள் வரப்போகிறார்களாம். ரோஸ்மேரி நேற்றிலிருந்து என்னைக் கம்பா என்று கூப்பிடுவதில்லை. 'லைசென்சியாதா நோசா' என்கிறாள், பட்டத்தோடு, குடும்பப் பெயரோடு. இன்று கை கழுவும் இடத்தில் வெடித்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணியிருப்போம். பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிற. முக்கோணத்தை நீ மட்டுமா அணைச்ச? நாங்க எல்லாருந்தான் பத்து வருஷமா அணைச்சுக்கிட்டு இருக்கோம். இப்ப எங்களையும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

"உனக்கென்ன, ஊருக்குப் போயிடுவ. நாங்க எங்கடி போவோம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் பனி உடைந்து சொட்டியது.

ஜூலை 21, ஞாயிறு

ரொட்டிக்கடைக்காரி: "உடம்பு சரியில்லையா?" ஒரு வாரத்தில் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, வேலை சம்பந்தம் இல்லாமல். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். வெளியே வந்து சுவரோரம் நின்றேன், அழுகை முடியும் வரை.

ஜூலை 23, செவ்வாய்

செனோபியாவின் குழாய் தினமும் வருகிறது. பசிலியா மார்பில் வைத்துக் கொண்டுவருகிறாள். இப்போது எல்லோருமே அப்படித்தான். பிளேட்லெட் 1,88,000. செயற்கை மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறாள்.

பசிலியா சொன்னாள்: "விரலு கருத்துப்போச்சு டாக்டரம்மா. நடைபாதையில கெடந்த ரெண்டு நாள்ல ரத்தம் விரலுக்குப் போகலையாம். அந்த மருந்து வேற, விரல்ல இருந்ததையும் உறிஞ்சிடுச்சாம். வெட்டணுங்கிறாங்க. உசிருக்கு விரல் வாடகைன்னு எங்க மாமன் சொல்லிச் சிரிக்கறான். சிரிச்சிட்டு கக்கூசுல போயி அழறான்."

இரண்டு நாள். அந்த இரண்டு நாள் என்னுடையவை.

ஜூலை 30, செவ்வாய்

வலது கையில் மூன்று நுனிகள், இடது கையில் இரண்டு.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று பெண்கள் வார்டுக்குப் போனேன். ஆறு மாதத்தில் முதல் முறை. என்ன காரணம் சொல்லிக்கொண்டு போனேன்? எதுவும் இல்லை. கோட்டு போட்டிருந்தால் யாரும் கேட்பதில்லை.

ஜன்னல் பக்கக் கட்டிலில் செனோபியா உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சிறிய பெண். அவளுடைய அணுக்களை எனக்குத் தெரியும், முகத்தைத் தெரியாது. இரண்டு கையிலும் கட்டு. தலைமுடி அவிழ்ந்து மடியில் கிடந்தது.

"ஊசியா?" என்றாள்.

"இல்ல. நான் லேப்."

"ரத்தம் எடுக்கறவளா?"

"எடுத்ததைப் பாக்கறவ."

"அப்ப என்னை உள்ளாற பாத்திருக்க. எப்படி இருந்தேன்?" சிரித்தாள், இருமினாள். "நின்னுக்கிட்டே இருக்காத. முடி பின்னத் தெரியுமா? பசிலியா சனிக்கிழமைதான் வருவா. அதுவரைக்கும் இப்படிப் பைத்தியக்காரி மாதிரி கெடக்கணும்."

தெரியும் என்றேன். பின்னால் உட்கார்ந்தேன். நடு வகிடு எடுத்து இரண்டாகப் பிரித்தேன். கனமான முடி, நாள் கணக்கில் சிக்கு. அங்கிருந்து அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால் சொன்னேன். குழாய், தாங்கி, குளிர், நோட்டீஸ். முதல் இரண்டு நாள் நான் கொடுத்த கணக்கு தப்பு. அதனால்தான் நடைபாதை. அதனால்தான் விரல்.

முழுக்கச் சொல்லி முடிக்க ஜடை பாதிவரை வந்துவிட்டது. அவள் அசையவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"வேற யாருக்காவது இப்படி ஆச்சா?"

"ஒருத்தருக்கு."

"அவரு?"

"இல்ல. போயிட்டாரு."

"அவங்க வீட்டுல சொன்னியா?"

"இன்னும் இல்ல. போகக்கூடாதுன்னு…"

"எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்ற? நான் பொழைச்சிட்டேன்னா?"

கை நின்றுவிட்டது. நான் யோசித்திராத கேள்வி இல்லை. என்னிடம் கேட்க இன்னொரு ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கட்டுப் போட்ட கையைத் தோளுக்குமேல் நீட்டினாள். உள்ளங்கையில் ஜடை நுனியில் கட்டும் கருப்புக் கம்பளிக் குஞ்சம்.

"நிறுத்தாத. இறுக்கிப் பின்னு. லூசா விட்டா அவுந்துடும்."

இரண்டாவது ஜடையையும் பின்னினேன்.

ஆகஸ்ட் 10, சனி

மினிபஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது. பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் உருளைக்கிழங்கு மூட்டை, தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். தள்ளவில்லை.

இயக்குநரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், போகப்போகிறேன் என்று. "உன் வேலை போகும்" என்றார். "தெரியும் சார்."

கோப்பில் இருந்த முகவரி: பூப்போ, சந்தைக்குப் பின்னால், நீலக் கதவு. எர்மீனியா அய்சா. ஸ்லைடின் படம் ஒன்று பையில் இருக்கிறது. காட்டவேண்டுமா? அவள் கேட்டால். என்ன சொல்வது என்று எழுதிப் பார்க்கவில்லை. முதல் வாக்கியம் மட்டும் தெரியும்: நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தீர்கள்.

தகரக் கூரைகள் தெரிகின்றன. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே கேட்கிறார்:

"சந்தைக்கு யாரு எறங்கறது?"

நான்தான்.